டெஸ்ட்பென் அண்ணன் கரண்டுக்கு எடுத்த பெரட்டு

ஈப்போவில் நாங்கள் இருந்த கடைவீட்டு வரிசைக்குள் மின்சாரம், டெஸ்ட்பென் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் நுழையும். சொல்லாமல் நுழைந்த மின்சாரத்தை அவர் சும்மா விட்டதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பலகையில் காதை வைத்துக் கேட்டு, "இங்கதான் ஒளிஞ்சிருக்கான்" என்று பிடித்துவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வரிசையில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவர் கரண்டு பார்க்கும் டெஸ்ட்பென்னைக் குத்தியிருப்பார். அதன் முனையை ஓர் இடத்தில் வைத்தால், அங்கே கரண்டு இருந்தால், உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதை அவர் எங்கே வைப்பார், எங்கே வைக்கமாட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர்க் குழாய், சைக்கிள், கோயில் உண்டியல், ஒரு தடவை ஆட்டுக்குட்டி. கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் மேசைக் காலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கோப்பி சொல்வார்.

புந்தோங்கில் ஒரு கல்யாணம். மணவறை முழுக்கச் சீரியல் பல்பு. அட்சதை போடும் வரிசையில் போன அண்ணன், அரிசியைத் தூவிய கையோடு டெஸ்ட்பென்னை எடுத்து மாப்பிள்ளையின் இரும்பு நாற்காலியில் வைத்தார். விளக்கு எரிந்தது.

"மாப்ள, கால மேல தூக்கிக்க. கீழ வைக்காத."

மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"தாலி கட்டியாச்சா?"

"கட்டியாச்சு," என்றார் ஐயர்.

"அப்ப மெயின அடைங்க."

மண்டபம் இருட்டானது. நாதஸ்வரக்காரர் இருட்டிலேயே வாசித்தார். பெண்ணின் தாயார் அண்ணனைத் திட்டிய திட்டு, மேளத்தையும் தாண்டி வாசல் வரை கேட்டது. மறுநாள் அலங்காரம் கழற்ற வந்தவர்கள், அந்த நாற்காலியின் அடியில் தோல் உரிந்த வயர் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தார்கள். பார்த்தும் யாரும் அண்ணனிடம் வந்து சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "கரண்டுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கெடையாதுலா. அதெல்லாம் நமக்குத்தான்," என்று மட்டும் சொன்னார்.

ஈப்போவுக்கு வருவதற்கு முன்னால் அவர் செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின்காரராக இருந்தார். தொழிலாளர் லயங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொர பங்களாவுக்கும் அந்த ஒரே எஞ்சின்தான் விளக்குக் கொடுத்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்தால் போதும். "மூனாவது லயத்துல யாரோ அயன் போடுறாங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். தோட்டத்தில் அயன் பெட்டி போடத் தடை. அவர் போய் நிற்கும் வீட்டில் அயன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். அது அங்கே பாயைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு எடுக்கும் பெரட்டை அண்ணன் மின்சாமான்களுக்கு எடுத்தார். எந்த வீட்டில் எந்தப் பழுது என்றாலும் வழி ஒன்றுதான். முதலில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பிறகு நடு வீட்டில் நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"ஃபேன், வா. ரேடியோ, வா. டியூப் லைட்டு, நீ வா பாக்கலாம்."

பெயர் கூப்பிட்டதும் வீட்டுக்காரர்கள் அந்தச் சுவிட்சைத் தட்ட வேண்டும். எது வந்ததும் பழுது தலைகாட்டுகிறதோ, அது கள்ளன். ஒரு பல்பு எரியவில்லை என்று கூப்பிட்டாலும் முழுப் பெரட்டுதான். பல்பை மாற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு, "விசாரிக்காம ஒருத்தன வேலைய விட்டு நிப்பாட்டக் கூடாது" என்று பதில் வரும்.

தோட்டத்துக்கு வெளியிலிருந்து கரண்டு வந்ததும் எஞ்சின் நின்றது. கொஞ்ச நாளில் தோட்டத்தையும் துண்டு துண்டாக விற்றார்கள். அண்ணன் எங்கள் வரிசையின் கடைசியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வீட்டு வயர் வேலை பார்த்தார்.

நான் அதே வரிசையில் டோபி கடையில் அயன் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வயது. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. அதனால் எல்லோரும் என்னிடம் வந்து பேசிவிட்டுப் போவார்கள்.

எங்கள் கடைக்குப் பக்கத்து வீடு பெரிய கிராணியாருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி டீச்சரம்மா, ஒரு காலத்தில் வகுப்பில் பேசினால் அடுத்த வகுப்பும் அடங்குமாம். பக்கவாதம் வந்த பிறகு அந்தக் குரல் காற்றுப் போன ரப்பர் பந்து மாதிரி ஆகிவிட்டது. வலது கையும் காலும் சரியாக வராது. மழை கனத்தால் கீழ்வீட்டில் வெள்ளம் ஏறும் என்பதால் கட்டில் மாடியில். அடுப்படி கீழே, வீட்டின் கடைசியில். சமைப்பது கிராணியார். அவருக்குக் காதும் மந்தம்.

ஒரு நாள் அம்மா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். கிராணியாருக்குக் கேட்கவில்லை. எழுந்து படிக்கட்டு வரை வர முயன்று விழுந்துவிட்டார். நெற்றியில் தையல். கோலாலம்பூரிலிருந்து மகள் வந்து பார்த்தார். மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே கேட்கிற மாதிரி ஓர் ஏற்பாடு தீபாவளிக்குள் ஆகாவிட்டால், அம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார். அந்த வீட்டில் இன்னோர் ஆளுக்கு இடம் கிடையாது. அப்பா சிரம்பானில் மகன் வீட்டில் இருக்க வேண்டியதுதான். நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். மறுநாள் கிராணியார் எங்கள் கடைக்கு வந்து, ஏற்கெனவே அயன் போட்ட வேட்டியை மறுபடியும் கொடுத்தார்.

முதலில் ஒரு பித்தளை மணி வாங்கினார். அது கோப்பிக் கடை வரை கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. பிறகு டவுனுக்குப் போய் இரண்டு பெட்டிகள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் ரொட்டி அளவு. தனியாக வயர் இழுக்க வேண்டாம், சுவர்ப் பிளக்கில் சொருகினால் போதும், வீட்டுக்குள் ஓடுகிற கரண்டு வயர் வழியாகவே குரல் போகும் என்று கடைக்காரர் சொன்னாராம். பேசுகிற பக்கம் ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றை மாடியில் சொருகினார். ஒன்றை அடுப்படியில் சொருகினார். அடுப்படிப் பெட்டி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. வேறு சத்தமே இல்லை. மாடிப் பெட்டியில் ஓர் ஆண் குரல் மலாயில், "புக்கா மூலுட்" என்றது. வாயைத் திற என்று அர்த்தம். கிராணியார் வாயைத் திறந்துவிட்டுப் பிறகு மூடினார்.

"ரேடியோ பிடிக்குது போல," என்றார்.

டெஸ்ட்பென் அண்ணனுக்கு ஆள் போனது.

அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கரண்டுக்குள் குரல் போகும் என்பது அவருக்குப் புதிது. ஆனால் புதிது என்று காட்டிக்கொள்ளவில்லை. "போவும்யா. ஏன் போவாது? எஞ்சின் பேசுறத நான் வயர்ல கேட்டிருக்கேன்," என்றார். உடனே பெரட்டு. டியூப் லைட் பெயர் வந்ததும் அடுப்படிப் பெட்டி ரீங்கரித்தது.

"கள்ளன் சிக்கிட்டான்."

டியூப் லைட்டைக் கழற்றிக் குண்டு பல்பு போட்டார். ரீங்காரம் போய்விட்டது. இப்போது அடுப்படிப் பெட்டி சுத்தமாக, அமைதியாக, ஒன்றுமே சொல்லாமல் இருந்தது.

அடுத்து ஃபிரிட்ஜ் மேல் சந்தேகம் வந்தது. "இவன் உள்ளுக்குள்ள மோட்டார் வச்சிருக்கான். குரல முழுங்கிடுறான்." மூன்று நாள் ஃபிரிட்ஜை நிறுத்திவைத்தார்கள். கிராணியார் வாங்கி வைத்திருந்த மீன், வரிசையில் இருந்த பூனைகளுக்குப் போனது. குரல் வரவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது.

"ஐயா, கள்ளன் உங்க வூட்டுல இல்ல," என்றார் அண்ணன். "வரிசையில இருக்கான்."

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வரிசை முழுவதற்கும் பெரட்டு என்று அறிவித்தார். பத்து வீடு. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். தையல் கடை லெட்சுமி அக்கா வீட்டில்தான் சிக்கல். அந்த நேரம் டிவியில் தமிழ்ப் படம்.

"வாரத்துக்கு ஒரு படம் போடுறான். அதயும் அடைக்கச் சொல்றீங்களா? உங்களுக்கே நாயமா இருக்கா அண்ணே?"

"பத்து நிமிசம்லா அக்கா."

"அந்தப் பத்து நிமிசத்துல கதாநாயகி செத்துப்போயிட்டா?"

"செத்தா நான் வந்து சொல்றேன். நீ அடை."

பல் டாக்டர் கிளினிக்கில் மட்டும் முடியாது என்றுவிட்டார்கள். நாற்காலியில் ஆள் இருக்கிறாராம். நான்கு வீடு தள்ளி இருப்பதால் பரவாயில்லை என்று அண்ணன் விட்டுக்கொடுத்தார். இரண்டு வாரமாக அவர் செய்த தவறுகளில் அது பெரியது. நல்லதாகவும் முடிந்தது.

மாடியில் இருந்து பேச ஓர் ஆள் வேண்டும். அம்மாவின் விரலால் கட்டையை ரொம்ப நேரம் அமுக்க முடியாது. அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"என்னா பேசணும்?" என்று கேட்டேன்.

"என்னா வேணும்னாலும் பேசு."

எனக்கு வியர்த்தது. அண்ணனுக்குப் புரிந்தது. "சரி, ஒன்னு ரெண்டு மூனு எண்ணு. மூனு வந்ததும் மறுபடி ஒன்னுலேர்ந்து எண்ணு. நிப்பாட்டாத."

நான் கட்டையை அமுக்கிக்கொண்டு எண்ணினேன். டீச்சரம்மா கட்டிலில் சாய்ந்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைக் கேட்பது மாதிரி கேட்டார். கீழே கிராணியார் அடுப்படிப் பெட்டியில் காதை ஒட்டியிருந்தார். நடுத்தெருவில் அண்ணன் நின்று ஒவ்வொரு வீடாகப் பெயர் கூப்பிட்டு அடைக்கவைத்தார். கிளினிக்கையும் இந்த வீட்டையும் தவிர வரிசையில் ஒரு பல்பு எரியவில்லை, ஒரு காற்றாடி சுற்றவில்லை. அடுப்படியில் குரலும் வரவில்லை.

"அப்ப உங்க மெயினையே ஒரு தடவ அடைங்கய்யா. எஞ்சின நிப்பாட்டி ஓட்டுற மாதிரி," என்று அண்ணன் கத்தினார். "அடைச்சாச்சு," என்று கிராணியாரின் குரல் கேட்டது.

என் கையில் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. கட்டில் பக்கத்தில் மேசைக் காற்றாடி அப்படியே சுற்றியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நிறுத்தாதே என்றுதானே சொல்லியிருந்தார்.

"தம்பி," என்றார் டீச்சரம்மா மெதுவாக. "ஃபேன் சுத்துதெண்டு அவைக்குச் சொல்லும்."

ஜன்னலுக்குப் போனேன். கீழே வரிசை ஆட்கள் எல்லோரும் வெளியே நின்று மேலே பார்த்தார்கள். இத்தனை முகத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பிப் போய், சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை அப்படியே தூக்கி வந்து ஜன்னலில் காட்டினேன்.

அண்ணன் காற்றாடியைப் பார்த்தார். அடைத்துக் கிடந்த மெயினை எட்டிப் பார்த்தார். மறுபடி காற்றாடியைப் பார்த்தார்.

அந்த நேரம் பல் கிளினிக்கில் வேலை பார்த்த ஃபிலோமினா வெள்ளை உடுப்போடு ஓடிவந்தாள்.

"யாருண்ணே அது ஒன்னு ரெண்டு மூனு எண்ணுறது? எங்க பெட்டியில கேக்குது. டாக்டரு கொறடு கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு. மூனு எண்ணுனா புடுங்கப் போறாங்கன்னு நெனச்சி அந்த ஆளு எந்திரிச்சி ஓடிட்டாரு."

அவர்களும் அதே மாதிரிப் பெட்டிதான் வைத்திருந்தார்கள். முன்மேசையில் ஒன்று, டாக்டர் அறையில் ஒன்று.

"இதுக்கு முன்னால ஏதாச்சும் கேட்டிச்சா?" என்றார் அண்ணன்.

"டீச்சரம்மா தெனம் பேசுவாங்களே. தண்ணி வேணும்பாங்க. பக்கத்துல யாராச்சும் இருந்தா குடுக்கச் சொல்லுங்கம்மான்னு நான் சொல்லுவேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருப்போம்."

கிராணியார் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றார் டீச்சரம்மா. "நல்ல பிள்ளை அவள்."

அண்ணன் மாடிப்படிக்கு அடியில் புகுந்தார். பழைய சைக்கிளையும் மண்ணெண்ணெய் டின்னையும் இழுத்துப் போட்டார். பின்னால் சுவரில் இன்னொரு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ மாடியைத் தனியாக வாடகைக்கு விட்ட காலத்தில் வைத்தது.

"ஐயா, ரெண்டு மீட்டரு இருக்குன்னு சொல்லவே இல்லியே."

"மீட்டர் பாக்க வாறவன் மாசா மாசம் ரெண்டு தரம் எழுதிக்கொண்டு போறவன்தான்," என்றார் கிராணியார். "நீரும் கேக்கேல்லை."

அண்ணன் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் ஒரே ஓர் எஞ்சின்தான் இருந்தது. நூறு வீட்டுக்கு ஓர் எஞ்சின் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் இரண்டு வழியாகக் கரண்டு வரும் என்பது அவர் புத்தியில் ஏறியதே இல்லை.

"ரோட்டுக் கம்பத்துல மூனு கம்பி வருதுங்கய்யா," என்றார் கொஞ்சம் கழித்து. "செகப்பு, மஞ்சள், நீலம். உங்க மாடி செகப்புல நிக்கிது. கீழ மஞ்சள்ல நிக்கிது. பல் டாக்டரும் செகப்பு. அம்மா பேசுறது தெருவுக்குப் போயி டாக்டர் வூட்டுல நொழயுது. படி எறங்கி அடுப்படிக்கு வர மாட்டேங்குது."

அண்ணன் அப்போதே வேலையில் இறங்கினார். மாடி வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, பலகை இடுக்கு வழியாக இறக்கி, அடுப்படியில் தனியாக ஒரு பிளக் வைத்தார். பெட்டிகளில் வேறு வழிக்கு மாற்றும் பொத்தான் ஒன்று இருந்தது. இனி கிளினிக்குக்குக் கேட்காதபடி அதையும் தள்ளிவிட்டார். கிளம்பும் முன் ஃபிரிட்ஜின் தலையில் தட்டினார். "ஒம்மேல அநியாயமா பழி போட்டுட்டேன்," என்றார்.

இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. அமுக்கினால்தானே பேச முடியும். அம்மாவின் விரல் அமுக்காத நேரத்தில் விழுந்துவிட்டால்? அண்ணன் யோசித்தார். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, மாடிப் பெட்டியின் கட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார். இனி அந்தப் பெட்டி எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். அடுப்படிப் பெட்டி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். கிராணியாரின் காதுக்கு எட்டும்படி அதன் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்தார்.

மறுநாள் மகள் வந்தார். துணி கொடுக்கப் போன நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணனும் இருந்தார். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா கூப்பிட்டா கேக்குமா?"

"கூப்புட வேணாம்மா," என்றார் அண்ணன். "சும்மா நில்லுங்க."

அடுப்படியில் நின்றோம். பெட்டியில் முதலில் காற்றாடிச் சத்தம். அதற்குள்ளிருந்து மெதுவாக இன்னொரு சத்தம் வந்தது. டீச்சரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தது. கிராணியார் பெட்டியை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெண்டைக்காய் நறுக்கினார். மூச்சு ஒரு தடவை தடங்கியது. கத்தி நின்றது. மூச்சு வந்தது. கத்தியும் நகர்ந்தது.

மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி மீதி வெண்டைக்காயை அவரே நறுக்கினார். அம்மாவைக் கூட்டிப் போகும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

டீச்சரம்மா இன்னும் மூன்று தீபாவளி அந்த மாடியில் இருந்தார். கடைசி நாள் காலையில், மூச்சு மாறியது கிராணியாருக்கு அடுப்படியில் தெரிந்தது. அடுப்பை அணைக்காமல் ஏறினார். கையைப் பிடித்துக்கொள்ள நேரம் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மகள் அண்ணனைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டிகளைக் கழற்றிவிடச் சொன்னார். அடுப்படிப் பெட்டியில் காலி அறையின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் காக்கை, தெருவில் பஸ், யாரும் அணைக்காத காற்றாடி. கிராணியார் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். கழற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அண்ணன் டெஸ்ட்பென்னை எடுத்துப் பிளக்கில் வைத்தார். விளக்கு நன்றாகவே எரிந்தது.

"இப்ப கழட்டக் கூடாதும்மா," என்றார். "வயர்ல சின்னதா ஒரு பழுது இருக்கு. ஓட விட்டுத்தான் கண்டுபிடிக்கணும். கொஞ்ச நாள் ஆவும். நான் வந்து வந்து பாத்துக்கிறேன்."

டெஸ்ட்பென் அண்ணனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதைச் சொல்லி முடிக்கும் வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.